நான் காட்டிய கிணறு

உலக யுத்தம் முடிந்து, இரண்டு மாத லீவில் நரிக்குடிப் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். சரக்குக் கப்பலில் கிடந்த என்னை யுத்தம்தான் கடற்படை அதிகாரியாக்கியது. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலை அழித்ததற்காக ஒரு பதக்கமும் கொடுத்தார்கள். அதை அண்ணன் வாங்கிக்கொண்டு போய் ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

எனக்கோ ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கண்மாய்க்கரைக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். ஆடாத தரையே எரிச்சலாக இருந்தது.

நீர்மூழ்கியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டவர்களிடம், தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறது என்று கேட்போம் என்று சொல்லித் தொலைத்தேன். அதுதான் வினையாகிப் போனது.

"கடலுக்கு அடியில கெடந்த கப்பலையே காதால புடிச்சவுக, நம்ம புஞ்சைக்கு அடியில தண்ணி எங்க ஓடுதுன்னு சொல்ல மாட்டாகளா?" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர்.

அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடலாம் என்றேன். "எந்தம்பி இருக்கும்போது அவரு எதுக்கு?" என்று அண்ணன் முடித்துவிட்டார். விட்டால் போதும் என்று, எங்கள் புஞ்சையில் வேப்பமரத்துக்குத் தெற்கே காலால் ஒரு வட்டம் போட்டேன். அங்கேயே சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள்.

மழையை நம்பிக் கம்பு விதைத்தே சலித்துப்போன அண்ணன், ஆட்களோடு தானும் இறங்கிக் கிணறு வெட்டினார். ஒரு மாதமாகியும் பாறைதான். வெடி வைப்பார்கள். புகை அடங்கியதும், தண்ணீர் ஊறுகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். கடலுக்குள் வெடிகுண்டைத் தள்ளிவிட்டு, நீர்மூழ்கி உடைந்து எண்ணெய் மிதக்கிறதா என்று நாங்களும் அப்படித்தான் குனிந்து பார்ப்போம். எனக்குப் பதக்கம் வாங்கித் தந்த அந்தத் தாக்குதலில் எண்ணெயோடு ஒரு தொப்பியும் மிதந்து வந்தது. நான் கிணற்றுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

அண்ணனின் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"அண்ணே, அந்த எடத்தச் சும்மாதான் காட்டுனேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நிறுத்திருங்க."

அவர் கோபப்படவில்லை.

"தெரியும்டா," என்றார். "நீ காட்டுன கெணறாச்சே, தண்ணி வார வரைக்குமாவது ஊர்ல இருப்பியேன்னு நெனச்சேன்."

லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. மறுநாள் காலை அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கே நான் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவரிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன்.