காதுக்கு வேப்பம் ஈர்க்கு

என் மகளின் காதுக்குப் பொன்னைத் தவிர எதுவும் ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரும் சொன்னார்கள். பொன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. காது குத்தி, என் கணவரின் தாயான மாமி ஆசையாகச் செய்வித்த தோட்டை மாட்டிய சில நாளிலேயே சீழ் கட்டியது. செம்பு கூடிவிட்டது என்றார்கள். கவரிங் போட்டுப் பார்த்தோம்; காது அப்பம்போல வீங்கியது. வெள்ளியும் சரிவரவில்லை. பிள்ளை தூங்காமல் கத்தினாள். எனக்குப் பொறுமை போய், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வேப்பம் ஈர்க்கை நறுக்கிக் கழுவிச் செருகினேன். புண் வாடத் தொடங்கியது.

மாமிக்கு முகம் சுண்டிவிட்டது.

"பொம்புளப் புள்ளட காதுல குச்சியா? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கிற சனத்துக்கா மாமி காது நோகுது?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி ஞாயிறு காலையில் பிள்ளை கரையோரம் மாமியின் வீட்டில் நின்றாள். அந்த வீடு இருந்த இடமே தெரியவில்லை. இடிபாடுகளில் தேடி அலைந்துவிட்டு நான் பள்ளிவாசலுக்குப் போனபோது கண்டெடுத்த ஜனாஸாக்களை எல்லாம் அடக்கிவிட்டிருந்தார்கள். வெயிலில் வைத்திருக்க வழியில்லை.

நகையோடு அடக்குவது எங்கள் வழக்கமில்லை. பெண்களைக் குளிப்பாட்டியவர்கள் ஒவ்வொருவரின் நகையையும் தனித்தனித் துணியில் முடிந்து, எந்தக் குழி என்று எழுதிய துண்டுச் சீட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். சனம் முடிச்சுகளை அவிழ்த்து அவிழ்த்து அழுதது. மாமியின் அட்டியலை நான்தான் அடையாளம் காட்டினேன். பிள்ளைக்கு முடிச்சு இல்லை. அப்படியென்றால் உயிரோடு எங்கோ இருக்கிறாள் என்று பாழும் மனம் துள்ளியது.

ஆனாலும், குளிப்பாட்டிய பெண்ணிடம் கேட்டேன். "சின்னப் புள்ள ஒண்டு, காதுல வேப்பம் ஈக்கில் போட்டது, வந்திச்சா?"

"ஓம் மகள், இரிந்திச்சி. ஈக்கிலக் கழட்டி எறிஞ்சிட்டன். அத என்னத்துக்கு முடிஞ்சி வெக்கிற?" என்றவள், என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தக் குழி?"

"தெரியா மகள். நகை இல்லாத புள்ளயள எல்லாம் ஒண்டா வெச்சாங்க."

அவளைத் திட்டித் தீர்க்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. ஆனால், அவளுடைய கையைப் பிடித்தேன். என் பிள்ளையைக் கடைசியாகத் தொட்ட கை. எனக்கு அதை விட மனமில்லை, அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.