அக்கா சொன்ன மூன்று பந்துகள்

தேங்காய் எண்ணெயும் பழைய தோலும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். வெயிலில் கிடந்த செருப்புக்கும் பலகாரச் சட்டிக்கும் நடுவிலான வாசனை அது. யாங்கோனின் தாகேதா பகுதியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டின் உள்சுவரில், எலிக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த இரண்டு பேஸ்பால் கையுறைகள் எப்போதும் அப்படித்தான் மணக்கும். தோல் விறைத்துவிடக் கூடாதென்று என் அக்கா மலர் வாரம் தவறாமல் அவற்றுக்கு எண்ணெய் தேய்ப்பாள். "தலைக்குத் தேய்ச்சுக்கடின்னா நேரமில்லங்கிறா, அந்தத் தோலுக்கு மட்டும் சனிக்கிழமை தவறாது" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பாள்.

யாங்கோனில் யார் பேஸ்பால் ஆடினார்கள் என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் ஆடினோம் என்பதே பதில். அந்த நாளில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பழைய சாமான்களை விற்கும் கடைகள் ஊரெங்கும் முளைத்திருந்தன. பீங்கான் தட்டு, மிதிவண்டி, பொம்மை, கைப்பை என்று குவியல் குவியலாகக் கிடக்கும். அப்படி ஒரு குவியலுக்குள்தான் எங்கள் பேட்டைப் பிள்ளைகள் நாலைந்து கையுறைகளையும் ஒரு மட்டையையும் படங்கள் நிறைந்த ஓர் ஆட்டப் புத்தகத்தையும் கண்டெடுத்தார்கள். ஜப்பானியப் புத்தகத்தை வலமிருந்து புரட்ட வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வழக்கப்படி புரட்டினால், ஒருவன் முதலில் மண்ணில் சறுக்கி விழுந்தான், பிறகு ஓடினான், அதற்கும் பிறகு பந்தை அடித்தான். இந்த ஒழுங்கை அப்படியே பின்பற்ற முயன்று ஒரு மாதம் போல முட்டி தேய்ந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பந்தை எறிகிறவள் பிட்சர், அது நான். அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவள் கேட்சர், அது அக்கா. அடிக்கிறவனின் முட்டிக்கு மேலும் மார்புக்குக் கீழும் வருகிற பந்தை அவன் மூன்றுமுறை தவறவிட்டால் அவுட். அடித்துவிட்டால் மணல் அடைத்த அரிசிச் சாக்குகள் கிடக்கும் மூலைகளைச் சுற்றி ஓடலாம், முழுச் சுற்று வந்தால் ஓர் ஓட்டம். அந்தச் சாக்குகளுக்கு எங்கள் பேச்சில் "மூட்டை" என்றே பெயர்.

என் கையில் வேகம் கிடையாது. பதின்மூன்று வயதில் முருங்கைக்காய் மாதிரி இருந்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டு வேறு வழி யோசித்தவள் அக்காதான். அரிசிக் கிட்டங்கியின் பின்சுவரில் கரியால் ஒரு சதுரம் வரைந்து, அதை நாலு கட்டமாகப் பிரித்து, பந்தைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பாள். எறிந்த பந்து எந்தக் கட்டத்தில் பட்டது என்று ஈரம் காட்டிக்கொடுக்கும், பொய் சொல்ல முடியாது. சொன்ன கட்டத்தில் பத்துக்கு எட்டு படும்வரை சாப்பாடு கிடையாது என்பது எங்களுக்குள் இருந்த பந்தயம். கை சொன்னபடி கேட்கத் தொடங்கிய பிறகுதான் மெதுவான பந்துக்கு வந்தோம். பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடித்து, வேகப் பந்துக்கு வீசுகிற அதே வீச்சில் வீசினால், கை பறக்கும், பந்து மட்டும் சாவகாசமாக வந்துசேரும்.

அடிக்கிறவன் பந்து வந்த பிறகு யோசிப்பதில்லை. எங்கே வரும், எப்போது வரும் என்று முன்னதாகவே மனத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல்தான் மட்டையை வீசுகிறான். அந்தக் கோட்டை அவனுக்குப் பதிலாக நாங்கள் போட்டுக்கொடுத்துவிட்டால் போதும் என்று அக்கா கண்டுபிடித்தாள். இரண்டு பந்தை உள்ளே, அவன் வயிற்றோரமாக எறிந்தால் அவன் கால் தானாகப் பின்வாங்கும். மூன்றாவதை வெளியே எறிந்தால் மட்டை எட்டாது. பொறுமையில்லாதவனைக் காக்க வைக்க வேண்டும்; நான் பந்தைத் துடைப்பேன், மறுபடி துடைப்பேன், தலைமுடியை அவிழ்த்துக் கட்டுவேன், அதற்குள் அவன் பாதி அவுட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "பதறாத காரியம் சிதறாது" என்று எதற்கெடுத்தாலும் சொல்வார். அதை நாங்கள் எங்கள் வசதிக்குத் திருப்பிக்கொண்டு, எதிரியைப் பதறவைக்கப் பார்த்தோம்.

எந்தப் பந்தை எறிவது என்பதைக் கேட்சர் விரலால் சைகை காட்டுவதாகப் புத்தகத்தில் படம் இருந்தது. அக்காவால் அது முடியவில்லை. பெண்பிள்ளைகள் கால்சட்டை போடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். லுங்கி போன்ற லொஞ்சியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருக்கும் அக்காவின் விரல்கள் துணி மடிப்புக்குள் மறைந்துபோகும். ஆகவே அவள் வாயாலேயே சொன்னாள், தமிழில், உரக்க. "உள்ள, வேகமா." "வெளிய, மெதுவா." பள்ளிப் பதிவேட்டில் பர்மியப் பெயரில் அக்கா மா பான், நான் மா தீரி, மைதானத்தில் எல்லாரும் பேசுவது பர்மியம், எதிர் அணியில் எவருக்கும் தமிழ் விளங்காது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா சொல்வதை அக்கா அந்த விஷயத்தில் மட்டும் தட்டாமல் கேட்டாள்.

அந்த ஆண்டு, திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வறண்ட மாதங்களில், தாகேதாவில் நாங்கள் ஆடிய காலி மனையில் யாரோ செங்கல் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே இடம், பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் தன்லியினில் பூட்டிக் கிடந்த ஓர் ஆலையின் பின்புறத் திடல். அது அவ்வூர்ப் பையன்களின் கையில் இருந்தது. அவர்கள் தலைவன் கோ வின் ஒரு கணக்குச் சொன்னான்: ஒரே ஓர் ஆட்டம், நாங்கள் ஜெயித்தால் ஞாயிறு காலைகள் எங்களுக்கு, தோற்றால் பாலத்தைத் தாண்டி வரக் கூடாது. மற்றவர்களுக்கு அது வெறும் வீம்பு. எனக்கு அப்படி இல்லை. பத்தாம் வகுப்பில் தவறிய அக்கா அந்த ஆண்டுதான் தையல் ஆலையில் சேர்ந்திருந்தாள். விடியுமுன் போய் இருட்டிய பின் வருவாள், வந்ததும் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவாள். எனக்கு என் அக்கா கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்தத் திடல் போனால் அக்காவும் போனாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கதவு நடைபாதைப் பக்கம் இல்லாமல் நடுத்தெருவைப் பார்த்துத் திறக்கும் பழைய ஜப்பான் பஸ்ஸில் ஏறி, காலை மொஹிங்காவைக்கூடச் சாப்பிடாமல் போய் இறங்கினோம். ஆட்டம் முக்கால்வாசி எங்கள் பக்கமே இருந்தது, மின் தூ என்கிற ஒருவனைத் தவிர. பதினாறு வயது இருக்கும். கன்னத்தில் தனக்கா சந்தனத்தை வட்டமாக அப்பியிருந்தான், யாரோடும் அதிகம் பேசவில்லை. அவன் மட்டும் என் ஒவ்வொரு பந்தையும் வாசலுக்கே வந்து வரவேற்றான். உள்ளே எறிந்தால் ஒதுங்கி நின்று அடித்தான். மெதுவாக எறிந்தால் பொறுத்திருந்து அடித்தான்.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். அவர்களில் இருவர் அவுட், மூன்றாமவனும் அவுட்டானால் ஆட்டம் எங்களுக்கு, ஆனால் மூன்று மூட்டையிலும் ஆள் நின்றது. அடுத்து அடிக்கவேண்டியவன் மின் தூ. அக்காவுக்குப் பக்கத்தில் மட்டையோடு காத்து நின்றான். நடுவராக நின்றவர் ஆலையின் காவலாளி, எல்லாப் பந்துக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிறவர். அக்கா கையுறையைத் தட்டிக்கொண்டே தமிழில் முணுமுணுத்தாள்: "இந்தாளுக்குக் காலையில வெளிக்கு வரல போலிருக்கு, அந்தக் கோவத்தை நம்ம மேல காட்டுறாரு."

மின் தூ சிரித்துவிட்டான். சட்டென்று இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான், ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் அல்லவா. எங்களுக்கே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கும்போது, எதிரில் நிற்பவனுக்கு ஒன்றுதான் இருக்கும் என்று நாங்கள் எப்படி நம்பினோமோ தெரியவில்லை.

அக்கா எழுந்து நேரே என்னிடம் நடந்து வந்தாள். காதோடு சொன்னாள்.

"ஏ வள்ளி, அவனுக்குத் தமிழ் தெரியும்டி. இவ்வளவு நேரம் நாமளே அவனுக்குச் சொல்லிக்குடுத்துட்டு இருந்திருக்கோம்."

"அய்யோ, இப்ப என்னக்கா பண்றது? பர்மா பாஷையில சொல்றியா?"

"சும்மா இரு. தமிழ்லயேதான் சொல்லுவேன். முதல் ரெண்டும் பொய், நீ மாத்திப் போடு. மூணாவது நெசம். மறந்துடாத."

அவள் போய்க் குந்தினாள். "உள்ள, வேகமா" என்றாள். நான் பந்தை உள்ளங்கையில் அமுக்கி வெளியே மெதுவாக எறிந்தேன். அவன் ஒதுங்கி நின்று, பந்து பாதி வழி வருமுன்பே வீசி முடித்திருந்தான். ஒன்று. என் கை தவறிவிட்டதென்று நினைத்திருப்பான், பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

"வெளிய, மெதுவா" என்றாள் அக்கா. என் உடம்பில் இருந்த வேகம் அத்தனையும் திரட்டி வயிற்றோரமாக எறிந்தேன். மட்டை தோளிலேயே இருந்தது. இரண்டு.

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். விளங்கிவிட்டது அவனுக்கு, இவர்கள் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகத்தான் வரும். உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு கால்களைச் சரிசெய்துகொண்டான்.

"வெளிய, மெதுவா" என்றாள் அக்கா மறுபடியும், சந்தையில் காய் கூவுகிறவள் போல. அவள் சொன்னது சொன்னபடியே, வெளியே, மெதுவாக எறிந்தேன். உள்ளே வேகமாக வரப்போகும் பந்துக்காக அவன் ஒரு சுற்றுச் சுற்றி, நிலைதடுமாறி, முட்டியில் விழுந்தான். அவன் எழுந்த பிறகுதான் பந்து அக்காவின் கையுறைக்குள் போய் விழுந்ததுபோல் இருந்தது. உண்மையைச் சொல்லி ஒருவனை ஏமாற்றலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுடையதாகிவிட்டது. குதித்தோம், கூவினோம், மண்ணை வாரி இறைத்தோம். அந்தக் கூத்துக்கு நடுவில் மின் தூ எங்களிடம் வந்தான். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், நல்ல தமிழில் பேசினான்.

"நல்லா ஏமாத்திட்டீங்கக்கா. எங்கம்மா தமிழ்தான். வீட்ல என்னைய முருகான்னுதான் கூப்பிடுவாங்க. இங்க யாருக்கும் தெரியாது."

அவன் முகத்தில் தோற்றவனின் வாட்டமே இல்லை. வெளியில் ஓர் ஆளிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அக்காவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் கையைப் பிடித்து உயரத் தூக்கி, திடல் முழுக்கக் கேட்கும்படி பர்மியத்தில் கத்தினாள்: "இவன் எங்க பையன்! தமிழ்ப் பையன்! பேரு முருகன்!" நான் அவள் பக்கத்தில் நின்று, "முருகா, முருகா" என்று கைதட்டி ஆடினேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சொந்தக்காரனைத் திருவிழாவில் கண்டுபிடித்த குதூகலம்தான்.

கோ வினின் ஆட்கள் எங்களையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். இன்னொருவன், இந்திய வம்சத்தாரை இழிவாகக் குறிக்க, தெருவில் எங்களைப் பார்த்துச் சொல்லப்படும் "கலா" என்ற சொல்லைச் சொன்னான். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது மரத்துப்போன சொல். கோ வின், "தோத்தது ஏன்னு இப்பத்தானே தெரியுது, அவங்க ஆளு" என்றான். மின் தூ தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். எங்களைத் திட்டவில்லை. ஓரமாக உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான், செருப்பை மாட்டினான், தனியாகப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு போனபோது அந்தப் பையன்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அக்கா கோ வினிடம் போய் வீடு எங்கே என்று கேட்டாள், தோளைக் குலுக்கினான். சந்தைப் பக்கம் போய் முருகன் என்று ஒரு பையன் உண்டா என்று விசாரித்தாள். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை என்றார்கள். பாலத்தின்மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்டி" என்றாள். நானும்தான் அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டி ஆடினேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்குப் பிறகு அவள் திடலில் தமிழில் கூவவேயில்லை. அப்பாவின் பழைய கால்சட்டையை இடுப்பில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு, விரலால் சைகை காட்டினாள். அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை.

இரண்டு பருவம் ஆடினோம். இப்போது அந்தத் திடலின்மேல் கிட்டங்கி எழும்பி நிற்கிறது. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்த்தால் தகரக் கூரை மட்டும் தெரியும். அக்கா மலேசியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டாள். தொலைபேசியில் பேசும்போது பேஸ்பாலைப் பற்றி எவ்வளவோ பேசுவோம், அவனைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். கையுறைகள் என்ன ஆயின என்று தெரியவில்லை.

நான் யாங்கோன் நடுவே பபேடானில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். முதலாளியும் நானும் வாடிக்கையாளர் எதிரிலேயே எவ்வளவு குறைக்கலாம் என்று தமிழில் பேசிக்கொண்டு, பர்மியத்தில் சற்றுக் கூட்டிச் சொல்வது வழக்கம். சிலசமயம் பர்மியப் பெயரும் பர்மியப் பேச்சுமாக எதிரில் நிற்கும் ஒருவரின் உதட்டோரம், நாங்கள் சொன்னதைக் கேட்டு, லேசாக அசையும். முதலாளிக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நீங்கள் எந்த ஊர், வீட்டில் என்ன பெயர் என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்க மாட்டேன். முதலாளியிடம் தமிழில் எந்த விலையைச் சொன்னேனோ அதே விலையை அவரிடம் பர்மியத்தில் சொல்லி, துணியை மடித்துக் கொடுத்து, அவர் படியிறங்கித் தெருவில் கலக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.