பெட்டிக்குள் நாற்பத்தாறு நிமிடம்

பெல்டன் ஸ்பார்க்ஸ் அணி அக்டோபரில் பிறந்து ஜனவரியில் செத்தது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு நாள். எரி என்ற ஏரியின் கரையில் இருக்கிற அந்த ஊரின் கடைத்தெருவில் தொங்கிய கிறிஸ்துமஸ் விளக்குகளே அதைவிட அதிக நாள் தொங்கின.

அந்த நூற்றுப் பன்னிரண்டு நாளும் நார்பெர்ட் ஸ்கலிட்ஸ்கி, சுருக்கமாக நார்ப், சம்பளம் வாங்கும் கால்பந்து வீரனாக இருந்தான். வயது முப்பத்தொன்று. அதற்கு முன் பதினோரு வருடம் ரொட்டித் தொழிற்சாலையில், துண்டு போட்ட ரொட்டியைப் பையில் திணிக்கும் இயந்திரத்துக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்லோவாக் குடியேறிகள் சங்கத்தின் பின்புறத் திடலில் ஆடுவான். வேகம் கிடையாது, வளைந்து நெளிந்து போகத் தெரியாது. ஆனால் இடது காலால் ஒன்று விட்டால், எதிரே நிற்கிற கோல்கீப்பர் பிள்ளைகுட்டி ஞாபகம் வந்து ஒதுங்கிவிடுவார்.

உள்ளரங்கக் கால்பந்து ஊருக்கு வந்தபோது, சுவரொட்டியில் போட ஓர் உள்ளூர் முகம் வேண்டும் என்று அணியின் முதலாளி ஆசைப்பட்டார். தேர்வுக்கு இருநூறு பேர் வந்தார்கள். கடைசியில் தன் பெயரை வாசித்தபோது நார்ப் திரும்பித் திரும்பிப் பார்த்தான், இன்னொரு ஸ்கலிட்ஸ்கி நிற்கிறானா என்று. யாருமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தொழிற்சாலையில் அவனுக்கு எதிர்ப்பக்கம் நின்று வேலை பார்த்தவள் டோரீன். ஐம்பது வயது. வாய்க்குத் தனியாக ஷிஃப்ட் போட வேண்டியவள்.

“டேய் நார்ப், உன்னை எதுக்குடா எடுத்தாங்க?”

“இந்த இடது காலுக்கு.”

“அப்போ மிச்ச உடம்பு? அது வந்து ரொட்டி அடுக்குமா?”

“சிரிக்காத டோரீன். நிஜ மேட்ச்ல, ஒரே ஒரு தடவை, இந்தக் கால்ல அடிச்சாப் போதும். அப்புறம் நீ என்ன வேணா சொல்லு.”

“அடிடா, யாரு வேணாங்குறா? அடிக்கிற அன்னைக்குச் சொல்லியனுப்பு, ஷிஃப்டே திரண்டு வர்றோம். சும்மா உட்கார்ந்திருக்குறதப் பார்க்கணும்னா எனக்கு வீட்டுல புருஷன் இருக்கான்.”

ஐஸ் ஹாக்கி அரங்கம்தான் ஆடுகளம். ஐஸை உருக்க மாட்டார்கள். அதன்மேல் பலகை, பலகைமேல் பச்சைக் கம்பளம், கம்பளத்தின்மேல் கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். சுற்றிலும் பலகைச் சுவர். பந்து வெளியே போகிற பேச்சே இல்லை; சுவரில் மோதித் திரும்பி வந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் காலுறை வழியாக ஏறிப் பல்லைத் தட்டும். நார்புக்கு அது நன்றாகவே தெரிந்தது, ஏனென்றால் அவன் உட்கார்ந்தே இருந்தான்.

முதல் ஆட்டத்தின் நான்காவது நிமிடத்தில் ஸ்பார்க்ஸின் கோல்கீப்பர் ரூடி எதிரணி ஆள் ஒருவனைக் கீழே தள்ளி அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். நடுவர் நீல அட்டையைக் காட்டினார். அப்படியென்றால் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டி. ஆனால் கோல்கீப்பர் செய்த குற்றத்துக்கு கோல்கீப்பர் உள்ளே போக வேண்டியதில்லை. அவனுக்குப் பதிலாக அணியில் வேறொருவன் போய் உட்கார்ந்தால் போதும். பயிற்சியாளர் ஸ்வோன்கோவின் கண் பெஞ்சைக் கோழிக்கடைக்காரர் போல ஒரு முறை வலம்வந்தது.

“ஸ்கலிட்ஸ்கி! இறங்கு!”

நார்ப் மேலாடையைக் கழற்றி எறிந்துவிட்டுக் களத்துக்குள் பாய்ந்தான். சுவரொட்டி முகத்தைக் கண்டு கூட்டம் கைதட்டியது. அவனும் கையை ஆட்டினான்.

“அங்க இல்லடா! பெட்டிக்குள்ள போடா!”

ஆட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. நாலாயிரம் பேருக்கு முன்னால் பேயறைந்தவன் மாதிரி நடந்துபோய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்தான். பெட்டியின் கதவுக்கு லைல் பொறுப்பு. கம்பளம் விரிப்பது, சுருட்டுவது, ஐஸ் தேய்ப்பது, இந்தக் கதவைத் திறந்து மூடுவது, எல்லாம் அவர்தான்.

“என்ன குத்தம் பண்ணின?” என்று கேட்டார் லைல்.

“நான் ஒண்ணுமே பண்ணல.”

“எங்க மச்சானும் ஜெயில்ல இதையேதான் சொன்னான்.” பாப்கார்ன் பையை நீட்டினார்.

அதற்குப் பிறகு அதுவே நார்பின் உத்தியோகமாகிப்போனது. ரூடி கடித்தாலும் நார்ப் உள்ளே. ஸ்வோன்கோ நடுவரைத் திட்டினாலும் நார்ப் உள்ளே. ஸ்வோன்கோ மூன்று மொழியில் திட்டுவார், அதனால் மூன்று மடங்கு வாய்ப்பு. தண்டனை முடிந்து கதவு திறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் சட்டம் போட்டிருந்தார்.

“நேரா எதிர்ப்பக்கம் பெஞ்சுக்கு ஓடி வரணும். நீ வெளிய வந்தாத்தான் நல்ல ஆட்டக்காரன் உள்ள இறங்க முடியும். நடுவுல பந்தைத் தொட்ட, அந்தக் காலை வெட்டி சூப்பு வெச்சிருவேன்.”

ஜனவரிக் கடைசிக்குள் அவன் இருபத்து மூன்று முறை உள்ளே போய்வந்திருந்தான். நாற்பத்தாறு நிமிடம். பந்தைத் தொட்டது பூஜ்யம். பெட்ரோல் பங்கில் ஆட்கள் “எப்போ விடுதலை?” என்றார்கள். டோரீன் ஒரு முழு ரொட்டி அனுப்பினாள். அறுக்கப் போனால் கத்தி இறங்கவில்லை. உள்ளே வைத்துச் சுட்டிருந்தாள், ஜெயில் கம்பி அறுக்க ஓர் அரம். நார்ப் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு அந்த அரத்தைத் துடைத்து, காலணிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

இருபத்து மூன்றாவது முறை உள்ளே போனது ஒரு வெள்ளிக்கிழமை, டொலிடோ அணியோடு நடந்த ஆட்டத்தில். ஸ்பார்க்ஸ் ஆறு, டொலிடோ ஐந்து. முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் ரூடி யாரையோ உதைத்தான். நார்ப் பழக்கதோஷத்தில் அட்டை காட்டுவதற்கு முன்பே எழுந்துவிட்டான். பின்தங்கியிருந்த டொலிடோ வேறு வழியில்லாமல் தன் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு இன்னொரு தாக்குபவனை இறக்கியது. அவர்களுடைய கோல் வாய் பிளந்து கிடந்தது.

ஒன்பது விநாடி பாக்கி. லைல் கதவைத் திறந்தார். நார்ப் வெளியே கால் வைத்த அதே நேரம், ரூடி உதைத்து விரட்டிய பந்து சுவரில் மோதி, வளர்த்த நாய் மாதிரி நேரே அவன் இடது காலை நோக்கி உருண்டு வந்தது. எதிரே ஒருவருமில்லை. காலியான கோல். அரங்கமே எழுந்து நின்றது.

நார்ப் பந்தைப் பார்த்தான். பெஞ்சைப் பார்த்தான். பந்தைத் தாண்டிக் குதித்துவிட்டு பெஞ்சுக்கு ஓடினான்.

நாலாயிரம் பேரும் ஒரே மூச்சில் “ஆ” என்றார்கள். டொலிடோ ஆட்களுக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பிரமையிலேயே நேரம் முடிந்துபோனது. வென்றது ஸ்பார்க்ஸ். ஆனால் உடை மாற்றும் அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

“ஏன்டா அடிக்கல?” என்றார் ஸ்வோன்கோ கடைசியில்.

“நீங்கதானே கோச் தொடக் கூடாதுன்னு…”

ஸ்வோன்கோ தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று யாருக்கும் புரியவில்லை.

“சரிடா. அடுத்த வெள்ளிக்கிழமை உன்னை இறக்குறேன். ஆறு நிமிஷம். பெட்டிக்குள்ள இல்ல, களத்துல. எங்கம்மா மேல சத்தியம்.”

நார்ப் அன்றைக்கே டோரீனைத் தொலைபேசியில் கூப்பிட்டான். “ஷிஃப்ட்டைக் கூட்டிட்டு வா” என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை பயிற்சிக்குப் போனபோது கம்பளம் இல்லை. பலகையும் இல்லை. வெறும் ஐஸ், வெள்ளையாக, உரித்த கோழி மாதிரி. லைல் ஐஸ் தேய்க்கும் வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார்.

“முதலாளி நேத்து மத்தியானம் போன் பண்ணினாரு. கம்பளத்தை வேற ஊர்க்காரன் வாங்கிட்டானாம். லாரி வந்துச்சு, ஏத்திவிட்டேன்.”

“அப்போ ஆட்டம்? எதுல ஆடுறது?”

“ஆட்டமா? டீமே இல்ல, நார்ப்.”

பெஞ்சில் ஸ்வோன்கோ உட்கார்ந்திருந்தார். விசில் கழுத்தில் தொங்கியது. ஒரு மொழியிலும் ஒரு வசவும் வரவில்லை. அதைக் கண்டபோதுதான் நார்புக்கு லைல் சொன்னது உறைத்தது.

“கோச்… வெள்ளிக்கிழமை?”

“ஆறு நிமிஷம்னு சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“சொல்லியிருக்கக் கூடாது” என்றார் ஸ்வோன்கோ. அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டோரீனிடம் சொல்ல நார்புக்கு நா எழவில்லை. செய்தித்தாளில் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டான். செய்தித்தாள் போட்டது நான்கு வரி, பௌலிங் பந்து உருட்டும் கிளப்பின் ஆட்ட முடிவுகளுக்குக் கீழே. அதை எவரும் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல், வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம் என்று ஓடினான். அவர்கள் முந்திக்கொண்டார்கள். நாற்பது பேர், காலி அரங்கில், தொழிற்சாலைக் கோட்டோடு, ஐஸை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படுக்கை விரிப்பு ஒன்றில் ‘விடுதலை’ என்று சிவப்பு வண்ணத்தில் எழுதித் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

“டேய், புல்லு எங்கடா?” என்றாள் டோரீன்.

சொன்னான். நாற்பது முகமும் கல்லாய்ச் சமைந்தன. விரிப்பைப் பிடித்திருந்த ஒருவன் தன் பக்கத்தை மெல்லத் தாழ்த்தினான்.

“அதைத் தூக்கிப் பிடி” என்றாள் டோரீன் அவனிடம். பிறகு லைல் பக்கம் திரும்பினாள். “பந்து இருக்கா?”

இருந்தது. அந்தப் பக்கம் ஹாக்கி கோல் ஒன்றும் இருந்தது. லைல் தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்தார்.

“முதல்ல உள்ள உட்காரு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

நார்ப் உட்கார்ந்தான். லைல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் முழுசாக ஓடவிட்டார். கதவு திறந்தது. பந்தை ஐஸ்மேல் உருட்டிவிட்டார்.

இந்த முறை நார்ப் தாண்டிக் குதிக்கவில்லை. நாற்பத்தாறு நிமிடத்தையும் சேர்த்து இடது காலுக்குக் கொண்டுவந்து அடித்தான். ஊன்றிய வலது கால் ஐஸில் வழுக்கியது. மல்லாக்க விழுந்தான். கூரை விளக்கு மட்டும்தான் தெரிந்தது. எங்கேயோ தூரத்தில் பலகை இடி மாதிரி அதிர்ந்தது.

“உள்ள போச்சா?” என்று கூரையைக் கேட்டான்.

பனிக்கால பூட்ஸோடு யாரோ வழுக்கி வழுக்கி வரும் சத்தம் மட்டும். டோரீன் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

“கோலுக்கு எட்டடி தள்ளிப் போச்சு” என்றாள். “சுவரே ஆடிருச்சுடா. பயந்துட்டேன்.”

அதற்குள் பந்து அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, ஐஸில் மெதுவாக மிதந்து வந்து, அவன் இடுப்பில் முட்டி நின்றது.

“பாரு, வந்து நிக்குது. எழுந்து இன்னொரு தடவை அடி” என்றாள். “திங்கக்கிழமை ஆறு மணிக்கு ஷிஃப்ட், உன் இடத்துல இன்னும் ஆள் போடல. அதுவரைக்கும் நாங்க எங்கயும் போகல.”