சிவப்பு எழுத்து உள்ளே

மடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எட்டு வயதிலேயே எனக்கு இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி, கோடை விடுமுறை. செங்கல்பட்டு அச்சகத்திலிருந்து அச்சரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கட்டுக்கட்டாகத் துண்டறிக்கைகள் வரும். அம்மாவும், எங்களோடேயே இருந்த சித்தியும், நானும் அவற்றை மூன்றாக மடித்து ஐம்பது ஐம்பதாகக் கட்டித் தர வேண்டும்.

அந்த முறை வந்தவை லாரி ஓட்டுநர்களுக்கானவை. ஒரு பக்கம் லாரிப் படம். மறுபக்கம் சிவப்பில் ‘எய்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்து, கீழே ரத்தம் சோதிக்கும் இடத்தின் முகவரி.

“செவப்பு எழுத்து உள்ள போயிடணும், வெளிய லாரிதான் தெரியணும். பாக்கெட்ல வச்சிகினு போற காயிதம்” என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கோ சிவப்புதான் அழகாகப் பட்டது. காலை முழுக்க அதை வெளியே வைத்தே மடித்துத் தள்ளினேன்.

மத்தியானம் அம்மா பார்த்துவிட்டாள். முதுகில் ஒன்று விழுந்தது. “அய்யய்யோ, நாலு மணிக்கு வேன் வந்துடுமேடி! எல்லாத்தையும் பிரி!” பிரித்துப் பிரித்துத் திருப்பி மடித்தோம். சித்தி மட்டும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தாள். “படிச்சிகினே இருந்தா எப்ப மடிக்கிறது?” என்று அவளுக்கும் ஏச்சு விழுந்தது.

வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது கடைசிக் கட்டில் ஒன்று குறைந்தது. அம்மா திரும்பத் திரும்ப எண்ணினாள். எல்லாம் என்னால் வந்த வினை என்ற பயத்தில் வீடு முழுக்கத் துழாவினேன். சித்தியின் புடவைப் பெட்டிக்கு அடியில் அது கிடைத்தது. நான் தப்பாக மடித்த அதே மடிப்பு, அதற்கு மேலும் மடித்துக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியிருந்தது.

“கெடச்சிடுச்சி! சித்தி பொட்டில இருந்துச்சி!” என்று கூவிக்கொண்டே ஓடிவந்தேன்.

கூடத்தில் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுபவர். மாதக்கணக்கில் வடக்கே சுற்றிவிட்டு, இருமலோடும் பாதி உடம்போடும் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். சோற்றில் அவர் கை அப்படியே நின்றது. “இன்னா காயிதம் அது? உன் பொட்டில எதுக்கு?” என்று சித்தியைப் பார்த்தார்.

“இந்தச் சனியன்தான் வெளையாட்டுக்கு ஒளிச்சி வச்சிருக்கும். நீங்க சாப்டுங்க தம்பி” என்று அம்மா என் காதைத் திருகினாள். தேடிக் கண்டுபிடித்தவளுக்கு இதுவா பரிசு! ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டே அதைப் பிரித்து, நகத்தால் நீவி, சிவப்பை உள்ளே தள்ளி மடித்துக் கட்டுக்குள் செருகினேன். வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. சித்தி வாசலில் நின்று அது திரும்பிய முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காகிதத்துக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத முகவரி ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது என்பது, அடுத்த ஆடியில் சித்தப்பா இறந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு முழுக்க யாரும் சொல்லாமலேயே நான் சரியாக மடித்தது அந்த ஒன்றைத்தான் என்று பல நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.