பனிக்குள் கூப்பிட்ட பேர்

இது நடந்தது. கதை கட்டும் திறமை எனக்குக் கிடையாது, தேவகுமாரிக்கும் கிடையாது. ஏற்காட்டில் மாலை டைப்பிங் வகுப்பில் அவள் எனக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்தவள். வேலையில் சேர்ந்து முதல் விடுப்பில் வந்தபோது இதைச் சொன்னாள். நான் தப்பாகக் கேட்டிருப்பேனோ என்று மறுநாளும் போய்க் கேட்டேன். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

1987 டிசம்பர். தேவகுமாரியின் அப்பா மரியதாஸ் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் சேலத்தில்தான் இருப்பார். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டில் பெரும்பாலும் அவள் ஒருத்திதான். அடுப்பை மூட்டுவதும் அவளே, அணைப்பதும் அவளே.

முந்தின வருடம் பெண் போலீஸ் தேர்வுக்குப் போயிருந்தாள். உயரம், எழுத்து எல்லாம் தேறிவிட்டது. ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் மூச்சு முட்டி நடந்துவிட்டாள். அத்தோடு அனுப்பிவிட்டார்கள். வருகிற ஜனவரியில் மறுபடியும் தேர்வு. இதையும் விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் அம்மாவைப் போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு காபிப்பழம் பறிக்கப் போக வேண்டியதுதான்.

அதனால் ஓடினாள். ரோட்டில் ஓடினால் ஜீப்பில் போகிறவர்கள் விசில் அடிக்கிறார்கள். ஆற்றங்கரைதான் வசதி. எங்கள் பக்கம் அதை ஆறு என்பார்கள்; அகலம் என்னவோ ஓடை அளவுதான். கரையோரம் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, மறுபக்கம் சிவந்து பழுத்த காபிச் செடிகள். கொஞ்ச தூரத்தில் பாறைகளை மிதித்து ஆற்றைத் தாண்ட வேண்டும். தாண்டி மேட்டில் ஏறினால், வேலையாட்களை நிறுத்தி வருகை எடுத்த மஸ்டர் களம், எப்போதோ கைவிட்டது. அந்தக் களம்தான் அவளுக்கு எல்லை. வெளிச்சம் வந்துவிட்டால் அந்தப் பாதையைப் போல அழகு எங்கேயும் இல்லை என்றாள். ஆனால் அவள் ஓடிய நேரத்தில் பனிதான் இருக்கும்.

பஸ் நிறுத்தத்தில் கொய்யாப்பழம் விற்கும் கண்ணாயி மட்டும், ஓடித் திரும்பும் அவளைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள்.

"ஏங் கண்ணு, தெனமும் இந்த ஓட்டம் ஓடறியே, ஆரு தொரத்தறாங்க?"

"போலீசு வேலைக்குங்க அக்கா."

"போலீசுன்னா நீயில்ல திருடன தொரத்தோணும். இப்பவே நீ ஏன் ஓடறே?"

இரண்டாவது வாரம். ஒரு காலையில் முன்னால் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. சப்... சப்... சப்... ஈர மண்ணில் வெறுங்கால். கூடவே கிண்... கிண்... என்று தூக்குப்போசி மூடி ஆடும் சத்தம். எவளோ வேலைக்கு நேரமாகி ஓடுகிறாள் என்று நினைத்தாள். மத்தியானச் சோறு அதில் இருக்கும்.

எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மறுநாளும் அதே சத்தம். அதற்கடுத்த நாளும். தேவகுமாரிக்கு அது பிடித்துப்போனது. பேச்சுத்துணை இல்லாதவளுக்கு ஓட்டத்துணை. தினமும் அந்தக் கிண் சத்தத்தைத் துரத்தியதில், தினமும் கொஞ்சம் வேகம் கூடியது. களத்துக்கு வந்து சேரும் நேரம் குறைந்துகொண்டே வந்தபோது, அப்பாவின் பழைய வாட்ச்சைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். வாட்ச் சரியாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. பாதையின் குறுக்கே ராத்திரியில் சிலந்தி வலை கட்டியிருக்கும். அது ஒவ்வொரு நாளும் அவள் முகத்தில்தான் ஒட்டியது.

முன்னால் ஒருத்தி ஓடிப் போயிருந்தால்... வலை எப்படி அறுபடாமல் இருக்கும்?

சின்னப் பெண்ணாக இருக்கும், குனிந்து ஓடுகிறாள் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தத் துணையை இழக்க அவளுக்கு மனமில்லை.

டிசம்பர் 22. காலை ஐந்து ஐம்பது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. முந்தின நாள் மழை பெய்து ஆறு இரைந்துகொண்டிருந்தது. தாண்டும் பாறைக்கு வந்தாள்.

முன்னால் ஓடிய காலடி... நின்றது.

மூடிச் சத்தமும் நின்றது.

"இந்தா சாமி..."

தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். மூச்சு வாங்கவில்லை. அவ்வளவு தூரம் ஓடியும்.

"பேரு கூப்பிட்டுட்டாங்களா?"

"தெரியலீங்களே."

"நான் வாரதுக்குள்ள கூப்பிட்டா, முத்தாயின்னு வரும். ஒரு கொரல் குடுத்துரு. பின்னாடியே வந்தர்றேன்."

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடிகாலையில் மஸ்டர் களத்தில், கணக்கெழுதும் ரைட்டர் பேர் கூப்பிடுவார். குரல் வராவிட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் லேட்டாக வருகிறவளுக்காகப் பக்கத்தில் நிற்கிறவள் 'வந்தாச்சுங்க' என்று சொல்லிவிடுவாள். தேவகுமாரியின் அம்மாவுக்கு எத்தனையோ பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

"சரிங்க" என்றாள். யோசிக்கவே இல்லை. எந்த மஸ்டர், எந்த ரைட்டர் என்று கேட்கவும் தோன்றவில்லை.

பாறைகளைத் தாண்டி மேட்டில் ஏறினாள். மூச்சு இரைத்தது. களத்தின் விளிம்பில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பனிக்குள் ஆட்கள் நிற்கும் அரவம். இருமல். போசிகள் உரசும் சத்தம்.

ஓர் ஆண் குரல்.

"அம்மாசி."

"வந்தேனுங்க."

"ஆராயி."

"வந்தேனுங்க."

"கண்ணாயி."

"வந்தேனுங்க." இளம் பெண் குரல்.

"முத்தாயி."

பதில் இல்லை.

"முத்தாயி."

ஆற்றின் இரைச்சல் மட்டும்...

"முத்தாயி..."

சொன்ன வாக்கு. தேவகுமாரி இரைக்க இரைக்கச் சொன்னாள்.

"வந்தாச்சுங்க."

அவ்வளவுதான்.

எல்லாச் சத்தமும்... ஒரே நேரத்தில்... நின்றது.

பனி லேசாக விலகியது.

முழங்கால் உயரப் புல். வெடித்த சிமெண்டுத் தரை. ஆள் இல்லை.

ஒருவரும் இல்லை.

பின்னால், ஆற்றில்... டங்...

பாறையில் போசி விழுந்து, உருண்டு, தண்ணீருக்குள் அமுங்கும் சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

களத்துக்கு மேலே ஜீப் ரோடு இருந்தது. அதில் ஏறி ஓடினாள். வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டபோதுதான் அழுகை வந்தது. சொல்லி அழ வீட்டில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கம் போகவில்லை. ரோட்டிலேயே ஓடினாள். விசில் அடித்தவர்கள் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஜனவரியில் சேலம் மைதானத்தில் மூன்றாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் மூச்சு முட்டவில்லை. அந்த ஓட்டத்தை யார் கற்றுக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச்சில் பயிற்சிக்குக் கிளம்பினாள். அப்பா சேலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். தகரப் பெட்டியோடு வீட்டைப் பூட்டிவிட்டு வருவதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது. விட்டுவிடுவோமோ என்று மேட்டிலிருந்து ஓட்டமாக ஓடி வந்தாள். நல்ல வேளை, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கண்ணாயிக்கு அவள் வந்தது தெரியவில்லை.

"கண்டக்டர் சாமி, மரியதாஸ் மக போலீசுக்குப் போறா. அவ வரட்டும், வண்டிய எடுத்துராதீங்க."

தேவகுமாரி பெட்டியை இறக்கி வைத்து இரைக்க இரைக்கச் சொன்னாள்.

"வந்தாச்சுங்க."

கண்ணாயி விருட்டென்று எழுந்தாள். மடியில் இருந்த கொய்யாப்பழங்கள் ரோட்டில் உருண்டன. பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தவள் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீயா கண்ணு... இன்னொருக்கா அப்பிடிச் சொல்லாத."

"ஏனுங்க அக்கா?"

"ஒண்ணுமில்ல. ஒரு கொரல் ஞாபகம்."

"யாரு கொரலுங்க?"

கண்ணாயி பழங்களைப் பொறுக்கவில்லை.

"இருவத்தஞ்சு வருசம் இருக்கும். நீயெல்லாம் பொறக்கவே இல்ல. ஆத்துக்கு அக்கட்டால அந்தக் களத்துலதான் அப்ப எங்களுக்கு மஸ்டர். முத்தாயின்னு ஒருத்தி, தெனமும் லேட்டு. ஓட்டமா ஓடி வருவா. நாங்க ஆராச்சும் கொரல் குடுத்துருவோம். அன்னிக்குப் பாத்து ரைட்டரு புதுசு. நொம்பக் கண்டிப்பு. கொரல் வரலீன்னா ஊட்டுக்கே ஆளனுப்பிருவாரு. பொய்க்கொரல்னு தெரிஞ்சா எங்க வேலையும் போயிரும்னு பயந்துக்கிட்டு நாங்க வாயே தொறக்கல. மூணு தரம் கூப்பிட்டாரு."

தேவகுமாரி ஓரடி கிட்டே வந்தாள்.

"எங்களுக்குப் பின்னால, பனிக்குள்ள இருந்து ஒரு பொண்ணு கொரலு. இப்ப நீ மூச்சு வாங்குனியே, அதே மாதிரி. வந்தாச்சுங்கன்னுச்சு. ரைட்டரு எழுதிட்டாரு. நாங்க திரும்பிப் பாத்தோம். அங்க ஆரும் இல்ல."

"முத்தாயி?"

"வந்துட்டான்னு எழுதுனவள ஆரு தேடுவாங்க? சாயங்காலம் பழம் அளக்கறப்பத்தான் ஆளக் காணோம்னு தெரிஞ்சுது. ஆத்துப் பாறையில வழுக்கி வுழுந்து, காலு இடுக்குல மாட்டிக்கெடந்தா. ரைட்டரு ஆளனுப்பியிருந்தா அந்த வழியாத்தான் போயிருப்பான். பாத்திருப்பான்."

கண்ணாயி குரலைத் தாழ்த்தினாள்.

"மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்திருக்குன்னு கம்பவுண்டர் சொன்னாரு கண்ணு."

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். கண்டக்டர் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார்.

"சேலந்தானேம்மா?"

தேவகுமாரி படியில் ஒரு காலை வைத்தாள். கண்ணாயி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, உன்னத்தான். சேலந்தானே?"

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் அப்பா ஜன்னலோரம் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகும், அவளுக்குக் குரல் வரவில்லை.