ரெண்டு திரை அக்கா

கணினிப் பிரிவு அக்கா பெரிய வண்ணத்திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பக்கத்து மேசையின் பழைய கறுப்புத்திரையில் எழுத்துகள் ஓடுவதையே பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருப்பார். மருத்துவமனையின் ஸ்கேன் படங்களையெல்லாம் வைத்திருக்கும் யூனிக்ஸ் கணினி மறுபடி இயங்கத் தொடங்கும் போதெல்லாம் இதே கோலம்தான். கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டுமே. வேடிக்கை பார்க்க அருமையான இடம்.

"ஒரு கணினிக்கு எதுக்குக்கா ரெண்டு திரை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஹாலுப்பா, விருந்தாளிக்கு. அடுப்பு எரியுதா இல்லையான்னு இங்க வந்துதான் பாக்கணும்."

கணினி கிளம்பும்போது வண்ணத்திரையில் கம்பெனிச் சின்னம் மட்டும் அழகாக நிற்கும். எங்கே கோளாறு, எதைச் சோதிக்கிறது என்ற உள்வீட்டுப் பேச்செல்லாம் சீரியல் கேபிள் என்ற தனிக் கம்பி வழியாகக் கறுப்புத்திரைக்குத்தான் வரும்.

வீட்டிலும் அக்கா இப்படித்தான். மகள் போனில் "நல்லா இருக்கேம்மா" என்றால் போதாது. மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு, "நிஜமாவே நல்லா இருக்காளா மாப்ளே?" என்று கேட்டால்தான் சோறு இறங்கும். பாவம், அந்த மாப்பிள்ளை.

போன வாரம் ஒரு காலையில் மின்சாரம் போனது. யுபிஎஸ்ஸும் காலை வாரிவிட்டது. மின்சாரம் திரும்பி, கணினி கிளம்பியபோது, அறுவை அரங்கிலிருந்து நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். தலையில் அடிபட்ட ஒரு குழந்தையை மேசையில் படுக்க வைத்தாயிற்று. அதன் ஸ்கேன் படம் அங்கே திறக்கவில்லை.

நர்ஸ் வண்ணத்திரையைப் பார்த்தார். சின்னம் அசையாமல் நின்றது. "ஹேங் ஆயிடுச்சுக்கா. ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க!" சொல்லிக்கொண்டே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

அக்கா பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாதீங்க! டிஸ்க்கைச் சோதிச்சிட்டிருக்கு. இப்ப அணைச்சா மொத்தப் படமும் போயிடும்."

ஆனால் கறுப்புத்திரையிலும் ஒரு வரி பாதியில் நின்றிருந்தது.

"அக்கா, குழந்தை மேசையில கிடக்குதுக்கா..." நர்ஸ் கெஞ்சினார்.

"தெரியுதும்மா. இது நிக்கக் கூடாதே, ஏன் நிக்குது?" அக்காவின் முகம் வெளிறிவிட்டது. இரண்டு திரையும் வாயை மூடிக்கொண்டால் யாரைத்தான் கேட்பது?

சட்டென்று விசைப்பலகையைப் பார்த்தார். வேகமாக ஓடும் வரிகளை நிறுத்திப் படிக்க அதில் ஒரு விசை உண்டு. அழுத்தினால் திரை நிற்கும். தான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல முடியாமல் கணினியும் காத்து நிற்கும். சற்று முன் ஒரு வரி பயமுறுத்தியதால் அதை அழுத்திப் படித்தவர், விடுவிக்க மறந்திருந்தார்.

"அய்யோ, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்!"

இடது கையால் விசையைத் தட்டினார். எழுத்துகள் கொட்டின. சோதனை ஓடி முடிந்தது. கடைசியில் வண்ணத்திரை விழித்து, படங்களின் வரிசையைக் காட்டியது. அரங்கிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "படம் வந்துடுச்சாம்! டாக்டர் ஆரம்பிக்கிறாராம். நர்ஸை உடனே வரச் சொல்றாங்க."

நர்ஸ் திரும்பினார். நகர முடியவில்லை.

"அக்கா, கையை விடுங்க. நான் போகணும்."

அக்கா குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். விட்டுவிடத்தான் நினைத்தார், விரல்கள் கேட்கவில்லை. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.