அத்தாவின் சத்த நோட்டு

2006 ஆகஸ்ட் ஒன்பது, புதன் காலை எட்டேகாலுக்கு, சானடோரியம் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது மின்ரயில் மோதி அத்தா, என் அப்பா, இறந்தார். பெயர் அப்துல் கஃபார். வயது ஐம்பத்தாறு.

அன்று காலை, குக்கர் மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போனாள். அத்தா அடுப்பருகிலேயே நின்று பேப்பர் படித்தார். சோறு அடிப்பிடித்துவிட்டது. அம்மா திட்டினாள். அவர் பதில் சொல்லாமல் கிளம்பினார், டிபன்பாக்ஸை மறந்துவிட்டு. அம்மா வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

“கோவத்தோடயே போயிட்டாரு” என்பதைத் தவிர அம்மா அதன்பின் எதுவும் பேசவில்லை. சாப்பாடும் குறைந்துகொண்டே போனது.

அத்தா குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடம் பிரஸ் ஓட்டினார். தகட்டை வெட்டும் இயந்திரம். நிமிடத்துக்கு நாற்பது முறை அடிக்கும். படிப்பு எட்டாவது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று எல்லோரிடமும் கேட்பார். சத்தத்திலிருந்து பிறந்த சொற்கள்மேல் தனிப் பிரியம். கிலுகிலுப்பை, குடுகுடுப்பை, காக்கா எல்லாம் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டவை என்பார். அப்படிப்பட்டவற்றை நோட்டில் எழுதி வைப்பார். பக்கத்து பிரஸ்ஸில் நிற்கும் தனசிங் அண்ணன் ஒருமுறை கேட்டாராம்: “அப்துல் கஃபாருன்றது இன்னா சத்தம் பாய்?” அத்தா சொன்னாராம்: “எங்கம்மா கூப்ட்ட சத்தம்.”

மாலையில் அம்மா சமைத்தபடியே அன்றைய கதை முழுவதும் சொல்வாள். அத்தா அவள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து “ம்” போடுவார்.

நாற்பதாம் நாள் கழித்து தனசிங் அண்ணன் பட்டறையிலிருந்து அத்தாவின் பையைக் கொண்டுவந்தார். உள்ளே அந்த நோட்டு. பாதிக்கு மேல் சொற்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. ஒருமுறை அவர் அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். சொல்லின் பிறப்பைத் தப்பாக எழுதித் திருத்துகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் தேதி இருந்ததை அன்று கவனிக்கவில்லை.

கொசுவின் ‘ஙொய்’, 1999 மார்ச். அணிலின் ‘கீச் கீச்’, அதே வருடம். ‘கிசுகிசு’, 2001. குக்கரின் ‘உஸ்’, 2003. கொலுசின் ‘கலகல’, 2004. ரயிலின் ‘தடதட’, 2006 ஜூன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் முதலில் போயிருந்தன, கனத்தவை பிறகு. இரைச்சலில் கெடும் காது இந்த வரிசையில்தான் போகும். இடியின் ‘கடகட’, பிரஸ்ஸின் ‘டொம்’ போன்ற கனத்தவை மட்டும் மிச்சம்.

தனசிங் அண்ணனிடம், அத்தாவுக்குக் காது கேட்காதது தெரியுமா என்று கேட்டேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க யாருக்கும்மா கேக்குது? எல்லாம் வாயப் பாத்துதான். மொதலாளிக்குத் தெரிஞ்சா பிரஸ்ல நிக்க வுடமாட்டான். அதான் பாய் வூட்லகூட சொல்லல.”

நாங்கள் பேசும்போதெல்லாம் அத்தா எங்கள் முகத்தையே பார்ப்பார். அதைப் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

தனசிங் அண்ணன் போனபின் நோட்டை அம்மாவின் மடியில் வைத்தேன். தேதிகளைக் காட்டினேன்.

“கோவம் இல்லம்மா. நீங்க கூப்ட்டது அத்தாவுக்குக் கேக்கல. குக்கர் சத்தமும் மூணு வருஷமா கேக்கல.”

அம்மா ஒவ்வொரு கோடாக விரலால் தடவிக்கொண்டே போனாள். முகம் கொஞ்சம் இளகியது. தட்டில் சோறு போடலாம் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“நான் அடுப்பப் பாத்துகினுதானே பேசுவேன். அப்போ அந்த ‘ம்’ எல்லாம்?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நோட்டை மூடினேன். அன்றும் அவள் சாப்பிடவில்லை.